ஆளைச் சொல்லும்போது ஹூவா, ஹூமா, ஹூஸா, தட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷும், வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இலக்கணமும் சொல்லிக்கொடுக்கிறேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வரும் கல்லூரிப் பிள்ளைகள், மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வேலை முடித்து வருகிறவர்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பதற்காகவே வந்து உட்காரும் அம்மாக்கள் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ரிலேட்டிவ் ப்ரொனவுன் என்று ஒன்று தமிழில் இருக்கிறதா, மிஸ்?

ஹூ மாதிரி தனிச் சொல்லாக இல்லை. ஆனால் அதன் வேலையை நாம் நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். "ஒரு அக்கா விளக்குத்தூண் பக்கம் பூ விற்கிறார். அவரை எனக்குத் தெரியும்." இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொன்னால், "விளக்குத்தூண் பக்கம் பூ விற்கிற அக்காவை எனக்குத் தெரியும்" என்று யோசிக்காமலே சொல்லிவிடுவீர்கள். பள்ளியில் பெயரெச்சம் என்று படித்தது இந்த "விற்கிற" என்பதைத்தான்.

தமிழில் விவரம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஆங்கிலத்தில் ஆள் முதலில், விவரம் அப்புறம்: "ஐ நோ தி வுமன் ஹூ செல்ஸ் ஃப்ளவர்ஸ் நியர் விளக்குத்தூண்." நடுவில் நிற்கும் ஹூவுக்கு இரண்டு வேலை. முன்னால் சொன்ன அக்காவைப் பின்னால் வரும் விவரத்தோடு கட்டுகிறது. கூடவே, இரண்டாவது வாக்கியத்தில் "அவர்" இருந்த இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது.

அதனால்தான் "தி வுமன் ஹூ ஷீ செல்ஸ் ஃப்ளவர்ஸ்" தவறு. ஷீ வரவேண்டிய இடத்தில் ஹூ ஏற்கெனவே இருக்கிறது. "தி பாய் ஹூம் ஐ மெட் ஹிம் எஸ்டர்டே" என்பதில் ஹிம் கூடுதல். என் வகுப்பில் மிக அதிகமாகத் திருத்துவது இந்த ஒரு பிழையைத்தான்.

ஹூ எப்போது, ஹூம் எப்போது?

"என்னைப் பார்த்த டாக்டர்", "நான் பார்த்த டாக்டர்." இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "பார்த்த" என்ற சொல் இரண்டிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் முதலாவதில் பார்த்தவர் டாக்டர், இரண்டாவதில் பார்த்தவர் நான். "என்னை", "நான்" என்ற சொற்களை வைத்து நமக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் முதலாவது "தி டாக்டர் ஹூ ஸா மீ." இரண்டாவது "தி டாக்டர் ஹூம் ஐ ஸா." விவரப் பகுதிக்குள் அந்த ஆள் செயலைச் செய்கிறவராக இருந்தால் ஹூ. செயல் அவர் மேல் போய் விழுந்தால் ஹூம்.

சந்தேகம் வந்தால் விவரத்தைத் தனியாகப் பிரித்து, ஆளுக்குப் பதிலாக ஹீ அல்லது ஹிம் போட்டுப் பாருங்கள். "ஹீ ஸா மீ", ஆகவே ஹூ. "ஐ ஸா ஹிம்", ஆகவே ஹூம். ஹிம், தெம், ஹூம் மூன்றும் ஒரே மாதிரி முடிவதை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. "எனக்காகக் காத்திருந்த டிரைவருக்கு நன்றி சொன்னேன்" என்பதை எழுதச் சொன்னால், டிரைவருக்கு என்று நான்காம் வேற்றுமை வருவதைப் பார்த்து ஹூம் போட்டுவிடுகிறார்கள். பெரிய வாக்கியத்தில் டிரைவர் என்னவாக இருக்கிறார் என்பதை ஆங்கிலம் இங்கே கண்டுகொள்வதே இல்லை. விவரப் பகுதிக்குள் அவர் என்ன செய்தார்? காத்திருந்தார். "ஹீ வெயிட்டட்." ஆகவே "ஐ தேங்க்டு தி டிரைவர் ஹூ வெயிட்டட் ஃபார் மீ." வெளியே பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் எழுதிக்கொள்வதென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"ஹூ ஐ திங்க்" என்று வந்தால் ஹூம் போட வேண்டாமா? ஐ என்பதுதானே எழுவாய்?

வங்கித் தேர்விலும் எஸ்எஸ்சியிலும் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் விரும்பி வைக்கிற கண்ணி இது. "தி மேன் ஹூ ஐ திங்க் இஸ் தி மேனேஜர்" என்பதில் "ஐ திங்க்" நடுவில் செருகிய பகுதி. அதை விரலால் மூடிவிட்டுப் படியுங்கள். "தி மேன் ஹூ இஸ் தி மேனேஜர்." ஹூதான் சரி. ஐ பிலீவ், ஐ நோ, தே சே என்று எது நடுவில் வந்தாலும் முதலில் மூடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

தினப்பேச்சில் ஹூம் யாராவது சொல்கிறார்களா?

குறைவுதான். ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் பேச்சில் "தி டாக்டர் ஹூ ஐ ஸா" என்றோ, எதுவும் போடாமல் "தி டாக்டர் ஐ ஸா" என்றோதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதைத் தவறு என்று நான் திருத்துவதில்லை. தேர்வுத்தாள், விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் ஹூம் போடுங்கள். நண்பர்களிடம் பேசும்போது ஹூம் போட்டே ஆகவேண்டும் என்று திணறி வாக்கியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விலக்கே கிடையாது. டு, ஃபார், வித், ஃப்ரம், ஆஃப் மாதிரி முன்னிடைச்சொல் நேராக முன்னால் வந்துவிட்டால் ஆளுக்கு ஹூம்தான். "டு ஹூ", "வித் தட்" எல்லாம் எழுத்தில் நிற்காது. சம் ஆஃப், போத் ஆஃப் என்று வந்தாலும் இதே விதிதான்: "சம் ஆஃப் ஹூம்", "போத் ஆஃப் ஹூம்" என்றுதான் எழுத வேண்டும்.

நான் எழுதியதில் "ஃப்ரம் விட்டுப்போச்சு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். தமிழில் அப்படி எதுவும் இல்லையே?

தமிழில் இல்லை என்பதால்தான் விட்டுப்போகிறது. இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

"நான் கடைக்காரரிடமிருந்து பேனா வாங்கினேன்." இதைப் பெயரெச்சமாக்கினால் "நான் பேனா வாங்கிய கடைக்காரர்." கவனித்தீர்களா, "இடமிருந்து" காணாமல் போய்விட்டது. "நான் அதிகாரிக்கு மனு கொடுத்தேன்", "நான் மனு கொடுத்த அதிகாரி." இங்கே "கு" போய்விட்டது. "நான் ஒரு பெண்ணோடு பஸ்ஸில் வந்தேன்" என்பதை மாற்றும்போது மட்டும் "நான் பஸ்ஸில் கூட வந்த பெண்" என்று ஒரு "கூட" சேர்த்துச் சமாளிக்கிறோம். மற்றபடி வேற்றுமை உருபு மறைந்துவிடும். கேட்கிறவர் இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ஆங்கிலம் அப்படி விடாது. தனி வாக்கியத்தில் இருந்த ஃப்ரம் சேர்ந்த வாக்கியத்திலும் இருந்தே ஆகவேண்டும். "தி ஷாப்கீப்பர் ஹூ ஐ பாட் தி பென்" என்று நிறுத்தினால் பாதியில் நிற்கிறது. "தி ஷாப்கீப்பர் ஐ பாட் தி பென் ஃப்ரம்" என்று கடைசியில் வைக்கலாம், பேச்சுக்கு இதுதான் இயல்பு. "தி ஷாப்கீப்பர் ஃப்ரம் ஹூம் ஐ பாட் தி பென்" என்று முன்னால் கொண்டுவரலாம், எழுத்துக்கு இது பொருந்தும். ஃப்ரம் முன்னாலும் பின்னாலுமாக இரண்டு முறை வரக்கூடாது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். "தி ஆபீசர் டு ஹூம் ஐ கேவ் தி பெட்டிஷன்" என்று எழுதினால் கடிதம் முறையாக இருக்கும். வீட்டுக்கு வந்து தம்பியிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகும்போது "தி ஆபீசர் ஐ கேவ் தி பெட்டிஷன் டு" போதும்.

பழகும் வழி இது: முதலில் தமிழில் இரண்டு தனி வாக்கியமாகப் பிரியுங்கள். இரண்டாவதில் ஆளோடு ஒட்டியிருக்கும் உருபு எது என்று பாருங்கள். பிறகு சேருங்கள்.

ஆட்களுக்குத் தட் போடலாமா? மரியாதைக் குறைவு இல்லையா?

போடலாம், மரியாதைக் குறைவும் இல்லை. "தி கேர்ள் தட் சிட்ஸ் நெக்ஸ்ட் டு மீ" நல்ல ஆங்கிலம்தான். ஆளுக்குத் தட் வருவது ஆங்கிலத்தில் வெகு காலமாக இருக்கும் வழக்கம். ஆனாலும் ஒருவரைத் தனி மனிதராக நினைத்து எழுதும்போது நான் ஹூவைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், எழுத்தில் அதுதான் பலருக்கும் இயல்பாகப் படுகிறது.

தட் ஒன்றுதான் பொருந்தும் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. அலங்காநல்லூர் வாடிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். மாடுபிடி வீரர்களையும் காளைகளையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் சொல்கிறீர்கள். ஹூ போட்டால் காளைக்கு ஒட்டாது, விச் போட்டால் வீரருக்கு ஒட்டாது. "தி மென் அண்ட் தி புல்ஸ் தட் கேம் டு அலங்காநல்லூர்." மனிதரும் விலங்கும் கலந்து வந்தால் தட் என்று இலக்கணப் புத்தகங்களும் சொல்கின்றன.

தி பெஸ்ட், தி ஒன்லி, தி ஃபர்ஸ்ட் மாதிரி சொற்களுக்குப் பின்னால் ஆளுக்குத் தட், ஹூ இரண்டும் வரும். தட் வரவே கூடாத இடம் கமாவுக்குப் பின்னால். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

விச்?

இன்றைய ஆங்கிலத்தில் ஆளுக்கு ரிலேட்டிவ் ப்ரொனவுனாக விச் கிடையாது. சர்ச்சுக்குப் போகும் மாணவி ஒருவர் "அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்" என்று ஜெபத்தில் வருகிறதே என்று கேட்டார். நல்ல கேள்வி. அது 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் ஆங்கிலம். அந்தக் காலத்தில் ஆளுக்கும் விச் வந்தது. இப்போது ஹூ என்றுதான் எழுதுவார்கள். "விச் ஆஃப் யூ" என்று உங்களில் யார் எனக் கேட்பது கேள்விச் சொல், அதற்குத் தடை இல்லை.

குழந்தை, சாமி, வீட்டு நாய், ஜல்லிக்கட்டுக் காளை, இவர்களுக்கெல்லாம் எது?

நமக்குத் திணை தெரியும் என்பதால் இது எளிது. மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்கிறது நன்னூல். ஆங்கிலத்தில் ஹூவும் விச்சும் பிரிகிற கோடு கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் போகிறது. சாமிக்கு ஹூ. "மீனாட்சி, ஹூ இஸ் தி குவீன் ஆஃப் மதுரை" என்றுதான் எழுத வேண்டும்.

வித்தியாசம் குழந்தையில் வருகிறது. நாம் "குழந்தை அழுகிறது" என்று அஃறிணை முடிவு போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் "தி சைல்டு விச் இஸ் கிரையிங்" என்று எழுதிவிடாதீர்கள். "தி சைல்டு ஹூ இஸ் கிரையிங்." கைக்குழந்தையானாலும் ஹூ அல்லது தட்.

நாய், காளைக்குப் பொதுவாக விச் அல்லது தட். பெயர் வைத்து வீட்டுப் பிள்ளை போல வளர்க்கிற விலங்குக்கு ஹூ போடுவதை ஆங்கிலம் ஏற்றுக்கொள்கிறது. பாலமேட்டில் ஒருவர் தன் காளையைப் பற்றி "கருப்பன், ஹூ இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு" என்று எழுதினால் நான் திருத்த மாட்டேன். அந்தக் காளை அவருக்கு யார் என்று அந்த ஹூ சொல்லிவிடுகிறது.

கமா போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. "மேலூரில் இருக்கிற என் அண்ணன் போன் பண்ணினான்." தமிழில் இது ஒரே வாக்கியம். அண்ணன் ஒருவனா, இரண்டு பேரா என்பது இதிலிருந்து தெரியாது. ஆங்கிலம் எழுதும்போது அதை முடிவு செய்தே ஆகவேண்டும்.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மேலூர் கால்டு மீ." கமா இல்லை. படிக்கிறவர், இவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களில் மேலூர்க்காரர் போன் செய்தார் என்று எடுத்துக்கொள்வார். "மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மேலூர், கால்டு மீ." இரண்டு பக்கமும் கமா. இவருக்கு ஒரே அண்ணன், அவர் மேலூரில் இருப்பது கூடுதல் செய்தி. "மை ஃபாதர் ஹூ", "மை மதர் ஹூ" என்று கமா இல்லாமல் எழுதினால் பொருள் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டால், பொதுவாக அடையாளம் அதோடு முடிந்தது. பின்னால் வருவது கூடுதல் செய்தி, ஆகவே கமா. "எம். எஸ். சுப்புலட்சுமி, ஹூ வாஸ் பார்ன் இன் மதுரை இன் 1916, ரிசீவ்டு தி பாரத ரத்னா இன் 1998." "காந்தி, ஹூ சேஞ்ச்டு ஹிஸ் டிரெஸ் இன் மதுரை இன் 1921, கேம் டு தி சிட்டி செவரல் டைம்ஸ்." விவரத்தை எடுத்துவிட்டாலும் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கெடவில்லை.

மாறாக, "வைத்தியநாத ஐயர் வாஸ் தி மேன் ஹூ லெட் தி டெம்பிள் என்ட்ரி இன் 1939" என்பதில் கமா கூடாது. மீனாட்சி அம்மன் கோயில் ஆலயப் பிரவேசத்தை நடத்தியவர் என்ற விவரம்தான் அங்கே "தி மேன்" யார் என்பதைச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் "அவர் அந்த மனிதர்" என்பது மட்டும் மிஞ்சும்.

கமா போட்ட இடத்தில் தட் வராது. அங்கே ஹூ, ஹூம், ஹூஸ் மட்டுமே. அவற்றை விட்டுவிடவும் முடியாது.

எப்போது எதுவுமே போடாமல் விடலாம்?

கமா இல்லாத வாக்கியத்தில், முன்னிடைச்சொல் நேராக முன்னால் நிற்காமல் ஹூம் வரக்கூடிய இடமாக இருந்தால் விடலாம். "தி டீச்சர் ஐ மெட் அட் மாட்டுத்தாவணி." ஹூ எழுவாயாக வரும் இடத்தில் விடக்கூடாது. "தேர் இஸ் எ மேன் லிவ்ஸ் இன் அவர் ஸ்ட்ரீட்" என்று சொல்கிறவர்கள் நிறைய. "எ மேன் ஹூ லிவ்ஸ்" என்று ஹூ கட்டாயம் வேண்டும்.

ஹூஸ் இரண்டு விதமாக எழுதுகிறார்களே?

காதுக்கு இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் எழுத்தில் குழப்பம். மேலே அப்பாஸ்ட்ரபி போட்டு எழுதுவது ஹூ இஸ் அல்லது ஹூ ஹேஸ் என்பதன் சுருக்கம். "யாருடைய" என்ற உறவைச் சொல்வது அப்பாஸ்ட்ரபி இல்லாத ஹூஸ். பிரித்து ஹூ இஸ் என்று படித்துப் பாருங்கள். பொருள் வந்தால் அப்பாஸ்ட்ரபி, வராவிட்டால் வேண்டாம்.

"பென்னிகுயிக், ஹூஸ் டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1895, இஸ் ஸ்டில் ரிமெம்பர்டு ஹியர்." முல்லைப் பெரியாறு அணை அவருடையது என்ற உறவை இங்கே ஹூஸ் சொல்கிறது. ஹூஸுக்குப் பின்னால் தி, ஹிஸ் எதுவும் வராது. "ஹூஸ் ஹிஸ் டேம்" தவறு.

ஹூஸ் ஆளுக்கு மட்டும்தான் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொருளுக்கும் வரலாம். "தி டெம்பிள் ஹூஸ் சவுத் டவர் இஸ் தி டாலஸ்ட்" என்று தெற்குக் கோபுரத்தைச் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை.

ஹூவுக்குப் பின்னால் வினைச்சொல் ஒருமையா, பன்மையா?

ஹூவுக்கு முன்னால் நிற்பவர் எப்படியோ அப்படி. "தி பாய் ஹூ ரன்ஸ்", "தி பாய்ஸ் ஹூ ரன்." சிக்கல் "ஒன் ஆஃப்" வரும்போது. "ஷீ இஸ் ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ கம் ஃப்ரம் உசிலம்பட்டி." உசிலம்பட்டியிலிருந்து வருகிறவர்கள் பல மாணவர்கள், அவர்களில் இவர் ஒருவர். ஆகவே கம். "ஷீ இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ கம்ஸ் ஃப்ரம் உசிலம்பட்டி" என்றால் வருகிறவர் இவர் மட்டும்தான், ஆகவே கம்ஸ். தேர்வில் "தி ஒன்லி" இருக்கிறதா என்று கண் முதலில் தேட வேண்டும்.

டீம், கமிட்டி, போலீஸ்?

போலீஸ் என்றால் எப்போதும் ஹூ, பன்மை வினை. டீம், கமிட்டி, ஃபேமிலி மாதிரி சொற்களை ஒரே அமைப்பாக நினைத்தால் விச் அல்லது தட், ஒருமை வினை. உள்ளே இருக்கும் ஆட்களை நினைத்தால் ஹூ, பன்மை வினை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

"லேட்டாக வந்தவர்கள் வெளியே நில்லுங்கள்" என்பதை எப்படிச் சொல்வது?

"ஹூ கேம் லேட், தே ஸ்டாண்ட் அவுட்சைட்" என்று பள்ளிக்கூடங்களில் கேட்டிருப்பீர்கள். "யார் லேட்டாக வந்தார்களோ அவர்கள்" என்ற நம் அமைப்பு அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலில் ஒரு "தோஸ்" வேண்டும், கடைசியில் வரும் தே வேண்டாம். "தோஸ் ஹூ கேம் லேட் மஸ்ட் ஸ்டாண்ட் அவுட்சைட்."

"யார் முதலில் வருகிறார்களோ அவர்களிடம் கொடு" என்பதற்கு ஹூயெவர் இருக்கிறது. "கிவ் இட் டு ஹூயெவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்." முன்னால் டு இருக்கிறதே, ஹூமெவர் வேண்டாமா என்றால், வேண்டாம். உள்ளே பாருங்கள், வருகிறவர் அவர். டு என்பது அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மட்டும் நிற்கவில்லை, "ஹூயெவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்" என்ற முழுப் பகுதிக்கும் முன்னால் நிற்கிறது.

வீட்டில் உட்கார்ந்து எப்படிப் பழகுவது?

அன்றைக்குப் பார்த்த ஆட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு சின்ன வாக்கியம் எழுதி, சேருங்கள். என் மாணவர்கள் செய்கிற மாதிரி இரண்டு தருகிறேன்.

"ஒரு அம்மா எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். அவருடைய மகள் நர்ஸ்." அவருடைய என்று வருகிறது, ஆகவே ஹூஸ். "தி வுமன் ஹூஸ் டாட்டர் இஸ் எ நர்ஸ் செல்ஸ் இட்லிஸ் இன் அவர் ஸ்ட்ரீட்."

"நான் ஒரு கண்டக்டரிடம் வழி கேட்டேன். அவர் என்னை அண்ணா நகரில் இறக்கிவிட்டார்." இதில் கவனம் வேண்டும். தமிழில் "இடம்" இருக்கிறதே என்று "தி கண்டக்டர் டு ஹூம் ஐ ஆஸ்க்டு" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆஸ்க் என்ற வினைக்கு டு கிடையாது, "ஐ ஆஸ்க்டு ஹிம்" என்றுதான் வரும். உருபைத் தமிழில் பார்த்த பிறகு, அந்த ஆங்கில வினை எதைக் கேட்கிறது என்பதையும் தனி வாக்கியத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். சரியான விடை: "தி கண்டக்டர் ஐ ஆஸ்க்டு ஃபார் டைரக்ஷன்ஸ் டிராப்டு மீ அட் அண்ணா நகர்."